ஜெபக்குறிப்பும் வம்பும்: போன்ஹோஃபரின் 'லைஃப் டுகெதர்' பற்றிச் சில குறிப்புகள்

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் சபையில் ஒரு அண்ணனுக்கு வேலை போனது. ஐம்பதை நெருங்கும் வயது. ஆராதனை முடிந்து நான் பைக்கை எடுக்கும்போது பக்கத்தில் வந்து என்னிடம் மட்டும் சொன்னார். "ஜெபம் பண்ணிக்கிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்று இரவே எங்கள் ஏரியா ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ஒரு ஜெபக்குறிப்பு போட்டேன். பெயர் போடவில்லை. வேலை இழந்த ஒரு சகோதரர், இரண்டு பிள்ளைகளும் கல்லூரியில், எல்லோரும் பாரத்தோடு ஜெபியுங்கள், அவ்வளவுதான். எங்கள் ஏரியாவில் இரண்டு பிள்ளைகளும் கல்லூரியில் படிக்கிற குடும்பம் ஒன்றே ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. காலையில் பார்த்தால் நாற்பது பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியிடம் நாலு பேர் துக்கம் விசாரிப்பது மாதிரி விசாரித்திருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு அதுவரை விஷயமே தெரியாது.

அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, நான் உங்ககிட்டதான் சொன்னேன்." வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் எங்கள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் டீட்ரிஷ் போன்ஹோஃபர் எழுதிய 'லைஃப் டுகெதர்' புத்தகத்தை ஆங்கிலத்தில் படித்தேன். விசுவாசிகள் ஒன்றாக வாழ்வது, ஒருவரை ஒருவர் தாங்குவது பற்றி யார் பேசினாலும் இந்தப் புத்தகத்தின் பெயர் வந்துவிடும். நூற்றைம்பது பக்கம்கூட இல்லாத சின்னப் புத்தகம். அதில் ஓர் இடத்தில் நான் செய்த அதே காரியம் இருந்தது. அந்த இடத்துக்குப் போகும் முன் புத்தகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் படித்தால் பாதி தப்பாகத்தான் புரியும்.

எங்கே, யாருக்காக

1935 ஏப்ரலில் போன்ஹோஃபருக்கு 29 வயது. ஹிட்லர் ஆட்சிக்கு ஒத்துப்போன சபைத் தலைமையை ஏற்காத 'அறிக்கைத் திருச்சபை' தன் இளம் போதகர்களுக்காகத் தனியாக இறையியல் பள்ளிகள் தொடங்கியது. அதில் ஒன்றுக்கு அவர் பொறுப்பாளர். முதலில் பால்டிக் கடற்கரையில் ஸிங்ஸ்ட் என்ற ஊர். சில வாரங்களில் ஸ்டெட்டின் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபிங்கன்வால்டே என்ற இடத்துக்கு மாறினார்கள். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. ஒரு பழைய பெரிய வீடு, ஒரு தடவைக்கு இருபது இருபத்தைந்து மாணவர்கள், சுமார் அரை வருடப் படிப்பு. காலையும் மாலையும் சேர்ந்து ஜெபம், சங்கீதம் வாசிப்பு, தினமும் அரைமணி நேரம் ஒரே வேதப்பகுதியை வைத்து அமைதியாகத் தியானம். மாணவர்கள் பலருக்கு இந்த அரைமணி ஆரம்பத்தில் பெரும் அவஸ்தையாக இருந்திருக்கிறது. ஜெர்மன் புராட்டஸ்டண்ட்காரர்களுக்கு இதெல்லாம் கத்தோலிக்க மடத்து வாடை அடிக்கும் சமாச்சாரம்.

1937 செப்டம்பரில் கெஸ்டபோ வந்து அந்த இடத்தைப் பூட்டி சீல் வைத்தது. அந்த வருடம் முடிவதற்குள் பழைய மாணவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் கைதாகியிருந்தார்கள். 1938 இலையுதிர்காலத்தில், கோட்டிங்கன் நகரில், நாலே வாரத்தில் போன்ஹோஃபர் இந்தப் புத்தகத்தை எழுதினார். 1939இல் வெளிவந்தது. அதாவது, இது நடந்துகொண்டிருந்த ஒரு முயற்சிக்கான விளம்பரக் கையேடு இல்லை. மூடப்பட்ட ஒரு வீட்டைப் பற்றிய நினைவுக் குறிப்பு. மனுஷன் அதை இழந்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறார். ஆனால் புலம்பல் ஒரு வரிகூடக் கிடையாது. ஹிட்லர் பெயரும் கிடையாது.

புத்தகத்தின் பலம்

ஐந்து அத்தியாயங்கள். கூடி வாழ்வது என்றால் என்ன, மற்றவர்களோடு கழிக்கும் நாள், தனியாகக் கழிக்கும் நாள், ஊழியம், பாவ அறிக்கையும் திருவிருந்தும். இதில் முதலாவதும் நான்காவதும்தான் புத்தகத்தின் உயிர்.

முதல் அத்தியாயம் நம் தலையில் தட்டுகிறது. சபை இப்படி இருக்கவேண்டும், ஐக்கியம் அப்படி இருக்கவேண்டும் என்று கனவோடு வருகிறவன்தான் சபையை உடைக்கிறான் என்கிறார். அவன் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. கனவோடு வருகிறவன் முதலில் கூட இருக்கிறவர்கள் மேல் குற்றம் சொல்வான், பிறகு கடவுள் மேல், கடைசியில் தன் மேலேயே. நான் தொழிலில் இதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக டீமில் சேருகிற கெட்டிக்காரப் பையன் முதல் வாரமே பழைய கோடு முழுவதையும் தூக்கிப்போட்டுத் திரும்ப எழுதலாம் என்பான். அந்தக் கோடு பத்து வருடமாக ஆயிரம் பேருக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருக்கும். அது அவன் கண்ணுக்குப் படாது.

இந்தப் பகுதியை நம்மூரில் மேற்கோள் காட்டுகிறவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். "சபையில் குறை கண்டுபிடிக்காதீங்க, போன்ஹோஃபரே சொல்லியிருக்கார்" என்று சபையாரைப் பார்த்துச் சொல்வார்கள். உண்மையில் அந்த இடத்தில் அவர் குறிப்பாக எச்சரிப்பது போதகர்களை. தன் சபையைப் பற்றி மற்றவர்களிடம் மட்டுமில்லை, கடவுளிடம்கூடப் போதகர் புகார் சொல்லக்கூடாது என்பதுதான் வாதம். இதை மேடையிலிருந்து கீழ்நோக்கிச் சொன்னால் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது.

அதே போல நான்காம் அத்தியாயத்தின் முடிவு. ஆளுமை மிக்க தலைவர்கள் வேண்டும் என்கிற ஏக்கத்தை அவர் ஒரு நோயாகவே பார்க்கிறார். சபைக்குத் தேவை பளபளப்பான மனிதர்கள் இல்லை, உண்மையாகச் சேவை செய்கிறவர்கள் என்கிறார். 1938 ஜெர்மனியில் 'தலைவர்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யோசித்தால் இது எவ்வளவு தைரியமான பக்கம் என்று தெரியும். பெயர் சொல்லாமலே சொல்லிவிட்டார். நம் ஊர் கன்வென்ஷன் போஸ்டர்களில் இருக்கும் முகங்களின் அளவைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பக்கம் ஞாபகம் வரும்.

நாக்கு

இப்போது அந்த இடம். ஊழியம் என்ற அத்தியாயத்தை எதிலிருந்து தொடங்குவார்கள்? பிரசங்கம், பாட்டு, பாடம் நடத்துவது, இப்படித்தானே எதிர்பார்ப்போம். போன்ஹோஃபர் தொடங்குவது நாக்கை அடக்குவதில் இருந்து. அவருக்கு அதுதான் முதல் ஊழியம். இரண்டாவது தாழ்மை. மூன்றாவது காது கொடுத்துக் கேட்பது. அப்புறம் கைவேலையாக உதவுவது, பாரம் சுமப்பது. வார்த்தை சொல்வது இத்தனைக்கும் பிறகுதான் வருகிறது. அதிகாரம் கடைசி. இந்த வரிசையே ஒரு விமர்சனம். நாம் எல்லோரும் ஆறாவதில் தொடங்கி, முடிந்தால் மூன்றாவதற்கு வருகிறவர்கள்.

நாக்கை அடக்குவது என்பதை அவர் பொதுவான நல்லொழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை. ஃபிங்கன்வால்டேயில் அதற்கு ஒரு விதி இருந்தது: இல்லாத ஒரு சகோதரனைப் பற்றி யாரும் பேசக்கூடாது. பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிடவேண்டும். பெத்கே எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதைப் பார்க்கலாம். புத்தகத்தில் போன்ஹோஃபர் இதை ஒரு படி இறுக்குகிறார். உதவி செய்கிறேன், நல்லெண்ணத்தில் சொல்கிறேன் என்ற போர்வையில்கூடப் பேசக்கூடாது. ஏனென்றால் மற்றவனைக் கெடுக்கிற எண்ணம் நுழைவதற்கு மிக வசதியான வழி அதுதான்.

இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நம் சபைகளில் அந்தப் போர்வைக்குப் பெயர் ஜெபக்குறிப்பு. "வம்புக்கு சொல்லல, ஜெபிக்கத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்து எத்தனை குடும்பத்தின் கதை ஓடியிருக்கிறது! ஒரு பெண்ணுக்கு வரன் அமையாதது, ஒருவரின் குடி, ஒருவரின் கடன், ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. நானும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுபோக அந்த விஷயத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும் என்பது ஆபீஸில் எனக்கு அத்துப்படி. வாடிக்கையாளர் ஒருவரின் தகவலை அனுமதி இல்லாமல் பத்துப் பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் வேலை போய்விடும். சபையில் அதைச் செய்தால் 'ஜெபவீரர்' என்று பெயர் கிடைக்கும்.

அடுத்தது காது. சகோதரன் பேசுவதைக் கேட்க நேரமில்லாதவன் சீக்கிரமே கடவுள் பேசுவதையும் கேட்கமாட்டான், கடவுள் முன்னாலும் தானே பேசிக்கொண்டிருப்பான் என்கிறார். கிறிஸ்தவர்கள், அதிலும் போதகர்கள், எந்த இடத்திலும் தாங்கள் ஏதாவது வழங்கியே ஆகவேண்டும் என்று நினைப்பதை அவர் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறார். எரிச்சல் நியாயமானது. நாம் 'ஆறுதல்' என்று சொல்வதில் முக்கால்வாசி, எதிரில் இருப்பவரின் பேச்சை நிறுத்துவதற்கான வழி.

எங்கே இடறுகிறது

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தப் புத்தகத்தை அப்படியே சபைக்குப் பொருத்தினால் வேலை செய்யாது என்பதையும் சொல்லவேண்டும். மூன்று இடங்கள்.

ஒன்று, பணம். ஃபிங்கன்வால்டே மாணவர்கள் இளைஞர்கள், எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் ஒரே தொழில். சாப்பாடும் இருக்க இடமும் வெளியிலிருந்து வந்தது. பொமரேனியாவின் நிலக்கிழார் குடும்பங்கள், குறிப்பாக ரூத் ஃபான் க்ளைஸ்ட்-ரெட்ஸோ என்ற முதிய பெண்மணி, அவர்களைத் தாங்கினார்கள். வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், மாமியாரின் மருந்துச் செலவு எதுவும் அந்த வீட்டுக்குள் வரவில்லை. போன்ஹோஃபர் குடும்ப ஜெபம் பற்றிப் பேசுகிறார், உண்மைதான். ஆனால் கைவேலையாக உதவுவது என்ற பகுதி சின்னது. சில்லறை வேலைகளில் கைகொடுப்பது, நம் திட்டங்களின் குறுக்கே கடவுள் வர இடம்கொடுப்பது, அத்தோடு முடிந்துவிடும். வேலை போன ஒரு ஐம்பது வயதுக்காரருக்கு சபை என்ன செய்யவேண்டும் என்பதற்கு அங்கே பதில் இல்லை.

இரண்டு, பாவ அறிக்கை. ஒரு சகோதரன் இன்னொரு சகோதரனிடம் தன் பாவத்தை வாய்விட்டுச் சொல்வதைப் புத்தகத்தின் உச்சமாக வைத்திருக்கிறார். தனியாக வைத்துக்கொண்டிருக்கும் பாவம் மனுஷனை இன்னும் தனிமையாக்கும் என்ற அவருடைய கணிப்பு சரி. அறிக்கை கேட்கிறவன் தானும் அறிக்கை செய்கிறவனாக இருக்கவேண்டும் என்ற பாதுகாப்பையும் வைத்திருக்கிறார். ஆனால் அரை வருடத்தில் கலைந்துபோகிற இளைஞர்கள் செய்யக்கூடியது அது. தலைமுறை தலைமுறையாக ஒரே சபை, பாதிப்பேர் சொந்தக்காரர்கள், சபைத் தேர்தலில் இரண்டு கட்சி என்று இருக்கிற ஊரில், சொன்ன வார்த்தை பத்து வருடம் கழித்துக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். நாக்கு விதி உறுதியாக இல்லாத இடத்தில் அறிக்கையைக் கேட்பது ஆபத்து. போன்ஹோஃபர் முதலாவதை முன்னால் வைத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்குக் கனமானது. புத்தகத்தை எழுதிய வீடு அவருடைய இரட்டைச் சகோதரி சபீனாவின் வீடு. சபீனாவின் கணவர் கெர்ஹார்ட் லைப்ஹோல்ட்ஸ் யூத வம்சாவளி. அந்தக் குடும்பம் 1938 செப்டம்பரில் ஜெர்மனியை விட்டுத் தப்பியிருந்தது. காலியாகிப்போன அந்த வீட்டில் உட்கார்ந்து, கூடி வாழ்வது பற்றி எழுதுகிறார். சில வாரங்கள் கழித்து நவம்பர் 9ஆம் தேதி இரவு நாடு முழுக்க யூத ஆலயங்கள் எரிந்தன. புத்தகத்தில் கூட இல்லாமல் போனவர்களைப் பற்றிய பக்கம் கிடையாது. தணிக்கைக் காலம் என்பது தெரியும். அவர் அக்கறை இல்லாதவரும் இல்லை. 1933லேயே யூதர் பிரச்சினையில் சபையின் கடமை பற்றி எழுதியவர். அந்த நவம்பர் தேதியைத் தன் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் குறித்து வைத்தவர். ஆட்சிக்கு எதிரான சதியில் சேர்ந்து 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கில் போடப்பட்டவர். வாழ்க்கை புத்தகத்தைவிடப் பெரியதாகிவிட்டது. ஆனாலும் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிற சபை, உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் தாங்குவதோடு திருப்திப்பட்டுவிடலாம். வெளியே போனவர்களின் காலி நாற்காலியை அது எண்ணாது.

ஒரு பென்னி

பணத்தைப் பற்றிய குறைக்கு விடை தேடியபோது இருநூறு வருடம் பின்னால் போகவேண்டியிருந்தது. 1742 பிப்ரவரி 15. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம். ஜான் வெஸ்லியின் ஆட்கள் தாங்கள் கட்டிய 'நியூ ரூம்' என்ற கூடத்தின் கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசுகிறார்கள். ஃபாய் என்ற கேப்டன், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்கிறார். பலர் அதுகூட முடியாத ஏழைகள் என்று ஒருவர் சொல்கிறார். அப்படியானால் இருப்பவர்களிலேயே ஏழைகளான பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் கொடுக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நான் போடுகிறேன், நீங்களும் ஆளுக்குப் பதினோரு பேரை வாராவாரம் போய்ப் பாருங்கள் என்கிறார் ஃபாய்.

கடன் வசூலுக்காகத் தொடங்கியது. வீடு வீடாகப் போனவர்கள் ஒருவர் குடிப்பதை, ஒருவர் வீட்டில் சண்டை நடப்பதைப் பார்த்து வந்து சொன்னார்கள். நான் இத்தனை நாள் தேடியது இதுதான் என்று வெஸ்லிக்குப் பொறி தட்டியது. பிறகு நடைமுறைச் சிக்கல்களால் வீட்டுக்கு வீடு போவது, பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடுவதாக மாறியது. 'கிளாஸ் மீட்டிங்' என்று பெயர். பெண்களும் தலைவர்களாக இருந்தார்கள். அதே வெஸ்லியன் மரபு 1814இல் இலங்கைக்கும் 1817இல் சென்னைக்கும் வந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. நம் ஊர்ச் சபைகள் பலவற்றின் பாட்டன் சொத்து இது.

போன்ஹோஃபரிடம் இல்லாதது இதில் இருக்கிறது: எண்ணிக்கை, கிழமை, காசு. யாரை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் உண்டு. "எல்லோரும் ஜெபியுங்கள்" என்ற வாக்கியத்தில் பொறுப்பு யாருக்கும் இல்லை. நாற்பது பேருக்குச் சொன்னதும் நாற்பது பேரும் கைகூப்பிவிட்டுத் தூங்கப் போனோம். ஃபாயின் ஏற்பாட்டில் ஒரு ஆள் கதவைத் தட்டியாகவேண்டும். கொடுக்கமுடியாதவரின் காசை சத்தமில்லாமல் தன் பையிலிருந்து போட்டுவிடவேண்டும்.

ஆனால் வெஸ்லியிடம் இல்லாதது போன்ஹோஃபரிடம் இருக்கிறது. கதவைத் தட்டியவர் பார்த்ததைக் கொண்டுபோய்ச் சொன்னார் என்பதுதானே அந்தக் கதையின் திருப்பம்? தாங்கல் போகிற அதே குழாயில்தான் கண்காணிப்பும் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிக்கெட், ஒழுங்கு தவறினால் டிக்கெட் கிடையாது. காலப்போக்கில், 19ஆம் நூற்றாண்டில், பலருக்கு அது போய்த் தலைகாட்டிவிட்டு வரும் சடங்காக ஆனது. ஆக, ஃபாயின் கால்களும் போன்ஹோஃபரின் நாக்கு விதியும் சேர்ந்தால்தான் ஒரு மனுஷனைத் தாங்கமுடியும் என்பது என் முடிவு. ஒன்று மட்டும் இருந்தால், ஒன்று வம்பாகும், இல்லை அழகான மௌனமாகும்.

கடைசியாக

ஃபிங்கன்வால்டே விதியின் இரண்டாவது பாதி என்னை விடவில்லை. இல்லாதவரைப் பற்றிப் பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லவேண்டும். இரண்டு வருடம் தாமதமாக அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். இப்போது ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறார். வேறு சபைக்குப் போகிறார்கள். அக்கா காபி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் பக்கம் பார்க்கவில்லை.

"ஜெபத்துக்குத்தான் போட்டேன்னு எனக்கே சொல்லிட்டு இருந்தேன் அண்ணே. எனக்குத்தான் முதல்ல தெரியும்ங்கற பெருமையும் அதுல இருந்துச்சு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அன்னைக்கு வேலை போச்சுன்னு சொல்றதுக்காக நான் வரல தம்பி. வீட்ல எப்படிச் சொல்றதுன்னு உங்ககிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன். நீங்க பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டீங்க" என்றார்.